புற்றுக்கு ஒதுங்கிய விமான மைதானம்

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற பாதையில் ஏழாவது மைல் கல்லைத் தாண்டினால் வலது கைப்பக்கம் ஒரு செவல் மேடு வரும். யுத்தம் நடந்துகொண்டிருந்த நாளில், வழியில் கோளாறாகிற விமானம் அவசரத்துக்கு இறங்க ஓர் இடம் இருக்கட்டும் என்று சர்க்கார் அந்த மேட்டில் நூறு ஏக்கரை எடுத்துக்கொண்டது. நடுவில் ஆயிரம் கஜ நீளத்துக்கு உருளை ஓட்டி, இரண்டு ஓரங்களிலும் கல் நட்டு வெள்ளையடித்து, ஓர் இரும்புக் கம்பத்தையும் சிமிண்டில் ஊன்றிவிட்டுப் போனார்கள். யுத்தம் முடிந்தது. எந்த விமானத்துக்கும் அந்தப் பக்கம் அவசரம் வரவில்லை. ஆனாலும் சர்க்கார் சொத்து சர்க்கார் சொத்துதானே. அதற்கு ஒரு காவல்காரர் வேண்டும் என்று 1946-இல் செல்லச்சாமியைப் பிடித்துப் போட்டார்கள்.

அந்த வேலைக்கு ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். வந்திருந்த அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: மைதானத்துக்குள் ஆட்டுமந்தை புகுந்தால் என்ன செய்வாய்? ஒருவர் கம்பெடுத்து அடிப்பேன் என்றார். ஒருவர் போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். செல்லச்சாமி பிறந்ததிலிருந்து ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர். முன்னால் வருகிற கிடாயைத் திருப்பிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்று சொன்னார். அதிகாரிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அங்கேயே வைத்துக் காக்கிச் சட்டையும், மார்பில் குறுக்காக மாட்டுகிற, பித்தளை வில்லை வைத்த டவாலியும் கொடுத்துவிட்டார்.

தன் ஆடுகளை அவர் மச்சான் பொன்னுச்சாமியிடம் ஒப்படைத்தார். பொன்னுச்சாமி, செல்லச்சாமியின் மனைவி இசக்கித்தாய்க்கு உடன்பிறந்த அண்ணன். அந்த வட்டாரத்திலேயே பெரிய மந்தைக்காரர். மீசையும் ரோஷமும் ஒரே அளவில் உள்ள மனிதர். வினை அங்கேதான் தொடங்கியது. மேய்ச்சலுக்கு அலைகிற ஆட்டுக்கு விமான மைதானம் எது, தரிசு எது என்று தெரியுமா? நல்ல அருகம்புல் அந்த நூறு ஏக்கரில்தான் முளைத்துக் கிடந்தது. இரண்டு தடவை செல்லச்சாமி சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை, சட்டம் சட்டம்தான் என்று, மச்சான் மந்தையிலிருந்து முப்பது ஆடுகளைப் பிரித்து ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிட்டார். அதில் பாதி அவர் தாமே பேர் வைத்து வளர்த்த ஆடுகள். பட்டியிலிருந்து அவை அவரைப் பார்த்து உரிமையோடு கத்தின. பொன்னுச்சாமி வந்து அபராதம் கட்டி ஆடுகளை மீட்டுக்கொண்டு போனார். போகும்போது இனி உன் மூஞ்சியில் பேசமாட்டேன் என்பதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். அது நடந்தது 1949-இல். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது.

ஊரார் செல்லச்சாமியைக் கேலி செய்ததற்குக் கணக்கே இல்லை. ஏன் செய்யமாட்டார்கள்? வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. விமானம் இறங்குவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் மட்டுமல்ல, யாருமே பார்த்ததில்லை. சந்தைக்குப் போனால், “என்னவே, உம்ம பிளேன் இன்னைக்காவது வந்து அடைஞ்சுதா?” என்று கோழியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்பார்கள். அவர் கோபப்படமாட்டார். அது வரும்போது வரும் என்பார். எப்போதாவது மேகத்துக்கு மேலே ஒரு விமானம் உறுமிக்கொண்டு போகும். செல்லச்சாமி உடனே டவாலியைச் சரிசெய்துகொண்டு கம்பத்தடியில் விறைப்பாக நிற்பார். அது வெள்ளிப் பொட்டாகி மறைகிற வரைக்கும் நிற்பார். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு உள்ளே வலித்தது.

ஆனால் மனிதர் வேலையில் சுணங்கியவர் இல்லை. கல்லுக்கெல்லாம் தைக்குத் தை வெள்ளையடிப்பார். முளைக்கிற உடைமரக் கன்றுகளை வேரோடு பிடுங்குவார். கம்பத்து உச்சியில் காற்றுத் திசை காட்ட ஒரு நீளத் துணிப்பை தொங்கும். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அதை நாராகக் கிழித்துவிடும். புதுப்பை கேட்டு எழுதினால் வருவதற்கு மாசி ஆகும். அதனால் சங்கரன்கோவில் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர் சுலைமானிடம் போய் நிற்பார். ராட்சசனுக்குச் சட்டைக்கை தைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சுலைமான் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பை தைத்துக் கொடுத்துவிடுவார். சர்க்காரிடமிருந்து வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வதும் அவர்தான்.

1952 கார்த்திகை முதல் வாரத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தது. சுலைமான் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தார். தை மாதம் இருபதாம் தேதி ஓர் அதிகாரி சின்ன விமானத்தில் வந்து இந்த மைதானத்தில் இறங்கிப் பார்ப்பார். இறங்கத் தோதாக இருந்தால், சின்ன விமானம் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் வந்துபோக இதைச் சர்க்கார் தொடர்ந்து வைத்திருக்கும். காவல்காரர் வேலையும் நிரந்தரமாகும். தோதாக இல்லையென்றால் மைதானத்தை மூடிவிடுவார்கள். வருஷா வருஷம் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று நீட்டிக்கொண்டு வந்த வேலை அத்தோடு சரி.

“அண்ணாச்சி, உம்ம பிளேன் வருது,” என்றார் சுலைமான்.

செல்லச்சாமிக்கு முதலில் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த நொடியே புற்று ஞாபகம் வந்தது.

புற்று என்றால் கரையான் புற்றுதான். விமானம் ஓடவேண்டிய பாதையில், கிழக்கு முனையிலிருந்து முந்நூறு கஜத்தில், ஏறக்குறைய நட்டநடுவில் அது முளைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாண் உயரம் இருந்தபோதே மண்வெட்டியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். வேறு ஊர்க்காரராக இருந்தால் தட்டியிருப்பார். கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைத் தின்று வளர்ந்த சங்கரன்கோவில் சீமைக்காரருக்கு அந்தக் கை வருமா? பூச்சி கடித்தால் புற்றுமண், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் புற்றுமண், சிரங்கு வந்தால் புற்றுமண் என்று வாழ்கிற ஜனம். செல்லச்சாமி புல் வெட்டும்போது புற்றைச் சுற்றி இரண்டு கை விரிக்கிற தூரம் விட்டு வெட்டினார். மாதாமாதம் அனுப்புகிற காகிதத்தில் ‘தடங்கல் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று சுலைமானை எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். அம்மனைத் தடங்கல் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

அதற்குள் இசக்கித்தாய் புற்றுக்கு மஞ்சள் பூசினாள். செவ்வாய் வெள்ளிக்குப் பால் வைத்தாள். அவளுடைய முழங்கால் வலி குறைந்தது என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஆடித்தபசுக்குக் கோவிலில் விளைச்சலை அள்ளி வீசிச் சூறை விடுவது போலவே இங்கேயும் முதல் பருத்தியும் மிளகாய் வத்தலும் வந்து விழுந்தன. இப்போது புற்று செல்லச்சாமியின் நெஞ்சுயரம் இருந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் துணி வேறு.

கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு புற்றுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் நின்றார். இசக்கித்தாய் பின்னாலேயே வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை, தடுக்கவில்லை.

“ஆத்தா வீட்டை இடிச்சிட்டு அப்புறம் எதுக்குக் காவல் இருக்கப் போறீய?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். உண்மையில் அவள் வராவிட்டாலும் திரும்பியிருப்பார். மனைவி சொன்னாள் என்று ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

கம்பத்து நிழலில் உட்கார்ந்து யோசித்தார். சர்க்கார் வேலைக்காரராக யோசித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டுக்காரராக யோசித்தபோதுதான் வழி திறந்தது. ராத்திரிக்கு ஆட்டை மடக்கிக் கிடை போடப் போகிற நிலத்தில் புற்று இருந்தால் ஆட்டுக்காரர் என்ன செய்வார்? புற்றை இடிக்கமாட்டார். கிடையைத் தள்ளிப் போடுவார். நூறு ஏக்கரும் சர்க்கார் நிலம்தான். அதில் விமானம் இறங்குகிற பாதை இதுதான் என்று சொல்வது எது? வெள்ளையடித்த நூற்றிருபது கல். கல்லைப் பெயர்த்து எண்பது கஜம் தெற்கே நட்டால், பாதையும் எண்பது கஜம் தெற்கே போய்விடும். செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிற புருஷனைப் பார்த்து இசக்கித்தாய் பயந்துபோனாள்.

கல்லைப் பெயர்ப்பதும், செடி செத்தையை வெட்டுவதும் பதினைந்து நாளில் முடிந்தன. வேர் பிடுங்கிய குழிகளில் புருஷனும் மனைவியுமாகச் செம்மண்ணைக் கொட்டி மூடினார்கள். ஆனால் புது மண் பொதபொதவென்று கிடந்தது. நடந்தால் கணுக்கால் புதைந்தது. யுத்த காலத்து உருளை எந்த ஊரில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ தெரியாது. விமானச் சக்கரம் இதில் இறங்கினால் மூக்குக் குத்திக்கொள்ளும். கண்மாய்க்கரை போடும்போது மண் இறுகுவதற்கு அந்தக் காலத்திலிருந்து ஒரு வழி உண்டு. ஈரம் காயுமுன்னே ஆட்டுமந்தையை அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுவார்கள். ஆட்டின் சின்னக் குளம்பு மண்ணைக் குத்திக் குத்தி இறுக்குவதை எந்த உருளையும் செய்யாது. அதற்கு ஆயிரம் ஆடு வேண்டும். ஆயிரம் ஆடு வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான்.

இதைவிட அந்தக் கடப்பாரையே மேல் என்று செல்லச்சாமிக்குத் தோன்றியது. ஆனாலும் போனார். பொன்னுச்சாமி கிடையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். கூட வந்த இசக்கித்தாய்தான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். பொன்னுச்சாமி செல்லச்சாமியின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கிடாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே தங்கச்சியிடம் பதில் சொன்னார்.

“ஏட்டி, உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு. பட்டியில அடைச்ச ஆட்டை இப்பச் சும்மா வான்னா வராது. வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். அந்தப் பித்தளையும் மாட்டிக்கிட்டு வந்து அழைக்கணும்.”

மறுநாள் காலை ஊரே பார்க்க, காக்கிச் சட்டையும் டவாலியும் அணிந்த சர்க்கார் காவல்காரர், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, ஆட்டுமந்தையை விமான மைதானத்துக்கு வரச்சொல்லி முறைப்படி அழைத்தார். முன்னத்திக் கிடாய் வெற்றிலையைத் தின்றுவிட்டது. சம்மதம் என்று எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுச்சாமியின் மீசையும் கொஞ்சம் அசைந்தது.

மார்கழி முழுக்க ஆடுகள் மைதானத்தில் நடந்தன. காலையில் கிழக்கேயிருந்து மேற்கே, சாயங்காலம் மேற்கேயிருந்து கிழக்கே. ஏழு வருஷமாக விரட்டிய கையால் செல்லச்சாமி அவற்றை உள்ளே ஓட்டினார். மச்சானும் மாப்பிள்ளையும் இரண்டு ஓரத்தில் நடந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேலை சம்பந்தமாக ஏதாவது சொல்லவேண்டுமானால் நடுவில் இசக்கித்தாய் இருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் கிடாயிடம் சொன்னார்கள். தை பிறந்தபோது மண் சிமிண்டுத் தரை மாதிரி இறுகிவிட்டது. செல்லச்சாமி குதிகாலால் ஓங்கி உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

தை இருபது. விடிந்ததும் சுற்றுப்பட்டு ஜனம் முழுவதும் கட்டுச்சோற்றோடு வந்து சேர்ந்துவிட்டது. சுலைமான் கடையை அடைத்துவிட்டு, தாம் தைத்த பை ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். பொன்னுச்சாமியும் மந்தையை மேட்டுக்கு வடபுறம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க வரவில்லை, ஆட்டுக்குப் புல் இருக்கிறதே என்று வந்தேன் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்காமலே சொன்னார். செல்லச்சாமி ஜனத்தையெல்லாம் கயிறு கட்டி நிறுத்தி, பித்தளை வில்லையைப் புளி போட்டுத் துலக்கி மாட்டி, தெற்கு ஓரத்தில் நின்றார்.

பத்தரை மணிக்கு மேற்கே ஓர் உறுமல் கேட்டது. சின்ன மஞ்சள் விமானம். மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்தில் தாழ்ந்து, கிழக்கு முனைக்கு நேராகத் திரும்பியது. இதோ இறங்கப் போகிறது. ஏழு வருஷம் காத்திருந்த மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அப்போதுதான் வடபுறத்திலிருந்து ஒரு புழுதி எழுந்தது. உறுமல் சத்தத்தில் மிரண்ட ஆடுகள் ஓடத் தொடங்கின. மிரண்ட ஆடு பழகிய வழியில்தானே ஓடும்? ஒரு மாதமாகக் காலையும் மாலையும் நடந்து பழகிய வழி அவற்றுக்கு ஒன்றுதான் தெரியும். முன்னத்திக் கிடாய் நேராக மைதானத்தைப் பார்த்து வந்தது; பின்னால் ஆயிரம் ஆடு. எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருந்தது. பொன்னுச்சாமியேகூட வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். செல்லச்சாமி ஒருவர் கண்ணில்தான் புழுதி பட்டது.

அவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினார். தலைப்பாகை அவிழ்ந்தது, அதையே கையில் சுழற்றிக்கொண்டு ஓடினார். ஏழு வருஷமாக மறந்துபோயிருந்த ஆட்டுக்காரச் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. புற்றுக்குப் பக்கத்தில் கிடாயை மறித்து, கொம்பைப் பிடித்து முழு பலத்தோடு திருப்பினார். கிடாய் ஒரு நொடி அவரை முறைத்தது, பிறகு திரும்பியது. வேலைக்கு வந்த அன்று அவர் சொன்னது போலவே மற்றதெல்லாம் தானாகத் திரும்பியது. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய சத்தம் தரையைத் தொட்டு, உருண்டு, தேய்ந்து நின்றது. ஜனம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது விமானம் மேற்கு முனையில் அடங்கிப்போய் நின்றுகொண்டிருந்தது. இறங்கி முடித்துவிட்டது.

செல்லச்சாமி கிடாயின் கொம்பை விடாமல் அங்கேயே நின்றார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

அதிகாரி கையில் பழைய வரைபடத்தோடு இறங்கி வந்தார். விமானம் ஓட்டி வந்தவர் தமிழ் தெரியாத நெட்டை மனிதர். அவர் பூட்ஸ் காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். அதிகாரி வரைபடத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாதைக்குப் பத்துக் கஜத்தில் இருக்கவேண்டிய கம்பம் ஏன் இவ்வளவு தூரத்தில் நகர்ந்து நிற்கிறது என்று கேட்டார்.

“கம்பம் நகரலை அய்யா,” என்றார் செல்லச்சாமி. “மைதானம்தான் நகர்ந்துட்டு.”

பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். புற்றைக் காட்டினார். காகிதத்தில் ‘இல்லை’ என்று எழுதியதையும் சொன்னார். தரையை இறுக்கியது யார் என்று கேட்டபோது ஆட்டைக் காட்டினார். அதிகாரி அதை இங்கிலீஷில் சொன்னதும் நெட்டை மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். தரை ஒன்றாந்தரம் என்று விரலை உயர்த்திக் காட்டினார். அதிகாரி சிரிக்கவில்லை. வரைபடத்தில் பென்சிலால் பழைய பாதையை அடித்துவிட்டு, தெற்கே புதிதாக ஒரு கோடு போட்டு, பழைய இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். புள்ளிக்குப் பக்கத்தில் ‘புற்று, தொடக்கூடாது’ என்று எழுதினார்.

“நாங்கள் இறங்கும்போது கீழே இரண்டாயிரம் பேர் எங்களைப் பார்த்தார்கள்,” என்றார். “ஒரே ஓர் ஆள் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். இந்த மைதானத்துக்குக் காவல்காரன் யார் என்று மேலேயிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் வேலை இனி நிரந்தரம். வேறு ஏதாவது வேண்டுமா?”

செல்லச்சாமி தலையைச் சொறிந்தார். கேட்கலாமா கூடாதா என்று இசக்கித்தாயைப் பார்த்தார். கேளுங்க என்று அவள் கண்ணைக் காட்டினாள்.

“இன்னொரு தடவை இறங்கிக் காட்டணும் அய்யா. நான் பாக்கலை.”

இந்தத் தடவை அதிகாரியும் சிரித்துவிட்டார். நெட்டை மனிதருக்குச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் செல்லச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நேராகப் போய் விமானத்தில் ஏறினார். அது ஓடி, எழும்பி, மேட்டைச் சுற்றி வந்தது. செல்லச்சாமியின் கால் தானாக ஆடுகளின் பக்கம் திரும்பியது. அப்போது ஒரு கனத்த கை வந்து அவர் தோளைப் பிடித்து, விமானம் வருகிற பக்கமாகத் திருப்பிவிட்டது.

“நீ அதைப் பாரு மாப்ளே,” என்றார் பொன்னுச்சாமி. “ஆட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு மச்சான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். செல்லச்சாமி புற்றடியில் இசக்கித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் விமானம் கிழக்கேயிருந்து தாழ்ந்து வந்து, அவர் கண்ணுக்கு முன்னால், ஆடுகள் இறுக்கிய தரையில் மெத்தென்று இறங்கியது.